கறுப்புத் திரையில் அப்பா

பேக்கரியில் விடியற்காலை ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். தோள் பையை இன்னும் இறக்கவில்லை, அதற்குள் அப்பா கட்டில் மேஜையை விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்துவிட்டார். நிறுத்தி நிறுத்தித் தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் ஏதோ தலைபோகிற காரியம். இது விடாத தட்டு.

போய்ப் பார்த்தால், கால்மாட்டில் நிற்கும் பெரிய மானிட்டர் கறுப்பாகக் கிடந்தது. சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சின்ன நீலப் பெட்டி மட்டும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உலாவிக்கொண்டிருந்தது. வீட்டில் அலுப்பில்லாமல் நடமாடியது அது ஒன்றுதான்.

காலையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. மானிட்டர் தானாக எழுந்துகொண்டது, பேட்டரி செத்த லேப்டாப் எழவில்லை. லேப்டாப்பின் பவர் பட்டன் மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் தூக்கிப் பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, விளக்கு எரிந்தது. மானிட்டரில் அந்த நீலப் பெட்டி அப்படியே உலாவிக்கொண்டிருந்தது.

"இன்னைக்குன்னு பாத்துத்தான் இதுக்கும் கேடு வரணுமா?" என்று வாய்விட்டே கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். அவரும் அதையேதான் கேட்டிருப்பார், கேட்கக் குரல் இல்லை.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்குத் திட்டியே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வாயால் பிழைத்த மனிதருக்குத் தொண்டையில் வியாதி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு மெல்லிய துணி. அதற்கப்புறம் கால் தளர்ந்து படுக்கையானது. கை நடுக்கத்தில் பேனா நிற்காது. கண்ணும் நடுப்பாகம் மங்கிப்போய், பெரிய எழுத்தாக இருந்தால்தான் ஏதோ தெரியும்.

அவருக்கு இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது என் தம்பி. வேற்று மொழி ஊர் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுடைய பழைய லேப்டாப் ஸ்கிரீன் செத்துப்போய்க் கிடந்தது. அதில் லினக்ஸைப் போட்டு, மூடியை மூடி வைத்துவிட்டு, வெளியே இந்த மானிட்டரையும் தனியாக ஒரு கீபோர்டையும் மாட்டினான். விண்டோஸ் என்றால் அவனுக்கு வேப்பங்காய். லேப்டாப் உயிர் வந்ததும் ஒரு வெள்ளைப் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும். அப்பா தட்டினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தாக விழும். அவர் பேசுகிற மாதிரியே தட்டுவார். நான் உரக்க வாசிப்பேன்.

வாசிப்பதில் அப்பா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. அவர் வாயில் வந்ததை யாரும் இதுவரை திருத்தியதில்லை, இப்போது மட்டும் எதற்கு என்பது அவர் கட்சி. ஒருநாள் அடுத்த வீட்டம்மா நலம் விசாரிக்க வந்து எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, "இந்தம்மா எப்ப கிளம்பும்?" என்று தட்டினார். அதையும் அப்படியே வாசித்தேன். அதற்குப் பிறகு அந்தம்மா வரவே இல்லை. அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

இன்றைக்கு அவர் வாயைத் திறந்தாக வேண்டிய நாள். தம்பி ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் அறை காலியாகியிருக்கிறது. நல்ல இடம்தானாம், நர்ஸ் எந்நேரமும் இருப்பாராம். அப்பா வருகிறாரா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தம்பி பிடிவாதமாகச் சொல்லிவிட்டான்: "நீ சொல்றது வேணாம்க்கா, தலையாட்டினாருங்கிற கதையும் வேணாம். அப்பா அவர் வார்த்தையில சொல்லட்டும். நீ வாசி, நான் கேக்கறேன்." நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவனுக்குப் பயம். நியாயமான பயம்தான்.

அந்த இல்லத்தில் தமிழ் எழுத்து தெரிந்தவர் யாரும் இல்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பானாம். மற்ற நாளெல்லாம் அப்பா தட்டுவதை யார் வாசிப்பார்கள் என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் ஆப் இருக்குக்கா" என்றான். அப்பா தட்டுகிற தமிழை மொழிபெயர்க்கிற ஆப் இன்னும் பிறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், போகட்டுமே என்றுதான் எனக்கு இருந்தது. எனக்குத் தூக்கம் வேண்டும். மாவு மூட்டை, அடுப்பு, பஸ், கழுத்துத் துணி, படுக்கை விரிப்பு, மாத்திரை, மறுபடி மாவு மூட்டை. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியிருக்கிறேன். அப்பா தன் வாயால் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் பாவம் என் தலையில் விழாது. அவ்வளவுதான் என் கணக்கு.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேஜையில் வைத்தேன்.

"அப்பா ரெடியாக்கா?" என்றான் தம்பி. ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசுகிறான், குரல் எதிரொலித்தது.

"அப்பா ரெடி. உன் மானிட்டர்தான் ரெடி இல்ல."

"என்ன காட்டுது?"

"சிக்னல் இல்லையாம்."

"கேபிள் லூசா இருக்கும். கழட்டி மாட்டு."

கழற்றி மாட்டினேன். ஊதி மாட்டினேன். மானிட்டரின் முதுகில் இருந்த இன்னொரு ஓட்டையில் மாட்டினேன். கீழே இருந்த சின்னப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒன்று வெளிச்சத்தைக் கூட்டவா என்று கேட்டது, ஒன்று மொழியை மாற்றவா என்று கேட்டது. எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

பண்ணினேன். விசிறி நின்றது, சுற்றியது. கேபிளையும் இன்னொரு தடவை இழுத்து மாட்டினேன். நீலப் பெட்டி உலாவியது.

"ரெசல்யூஷன் மாறியிருக்கும்க்கா. கமாண்ட் ஒண்ணு சொல்றேன், அடி. கண்ட்ரோல், ஆல்ட், டி. மூணையும் சேத்து அழுத்து."

"எதுல?"

"லேப்டாப் கீபோர்டுலதான்."

"லேப்டாப் ஸ்கிரீன்தான் செத்துப்போச்சே. நான் அடிக்கிறது எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரிய வேணாம். பாக்காம அடி. கமாண்ட் வாங்கற டெர்மினல்னு ஒண்ணு திறந்திருக்கும். நம்பு."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். தரையில் மண்டிபோட்டு, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர். ஸ்பேஸ். மைனஸ் மைனஸ் ஆட்டோ. என்டர்.

"வந்துச்சா?"

"இல்ல."

"ஸ்பெல்லிங் சரியா அடிச்சியா?"

"எனக்கு எப்படிடா தெரியும்!"

இதற்கு நடுவில் கட்டிலிலிருந்து டக் டக் என்று சத்தம். அப்பா தன் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் எங்கள் பேச்சைக் கவனிக்கிற முகம். நாங்கள் ஒன்று சொன்னதும் அவர் தட்டுவார், நாங்கள் மௌனமானால் அவரும் நிறுத்துவார்.

"அப்பா, நீங்க தட்டறது எதுவும் தெரியலப்பா. கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் தட்டினார். பேசிப் பழகிய மனுஷன், யாருக்கும் கேட்கவில்லை என்பதற்காக நிறுத்திவிடுவாரா? எனக்கோ ஒவ்வொரு டக்கும் மண்டையில் விழுந்தது. "அப்பா!" என்று கத்திவிட்டேன். அதற்கும் ஏதோ தட்டினார்.

தம்பி விடவில்லை. சூடோ என்றான், பாஸ்வேர்டு என்றான், டிரைவர் என்றான். டிரைவர் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். அது வேற டிரைவர்ப்பா என்றேன். தம்பி சொன்னதையெல்லாம் இருட்டில் அடித்துக்கொண்டே போனேன். முட்டி வலித்தது. பசி வந்து, அடங்கி, தலைவலியாக மாறியிருந்தது.

"அக்கா, டெர்மினலே திறக்கல போல. ஏன் திறக்கல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். "அய்யோ. நான்தான் லாக் பண்ணேன்."

"என்னத்த?"

"அப்பா தெரியாம எதையாவது அழுத்திப் பக்கத்த மூடிடக் கூடாதுன்னு எல்லா ஷார்ட்கட்டையும் நான்தான் லாக் பண்ணி வெச்சேன். மறந்தே போயிட்டேன்க்கா."

"அப்ப நான் இவ்வளவு நேரம் அடிச்சதெல்லாம் எங்கடா போச்சு?"

"அப்பா எழுதற பக்கத்துக்குத்தான் போயிருக்கும். இதுல கீபோர்டு வேற தமிழ்ல இருக்கும். இங்கிலீஷ் கமாண்டெல்லாம் தமிழ் எழுத்தா விழுந்திருக்கும்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பது புரிந்ததும் நிறுத்திக்கொண்டான். "நேரமாகுதுக்கா. அந்த இடத்துல ஆபீஸ மூடிடுவாங்க. அப்பா, உங்களுக்குக் காது கேக்குதில்ல? நீங்க இங்க வர்றீங்களா, இல்ல அக்காகூடவே இருக்கீங்களா? யோசிச்சு வைங்க. ஸ்கிரீன் வந்ததும் சொல்லுங்க."

அப்பா நிறைய நேரம் தட்டினார். நடுவில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் தட்டினார்.

"லைன்லயே இரு அக்கா, மேனேஜர் கூப்பிடறாரு," என்று தம்பி போனை மியூட்டில் போட்டான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மிஷினுக்கும் இந்த வீட்டுக்கும் இந்த நாளுக்கும் சேர்த்து ஒரு வசவை உதிர்த்துவிட்டு, லேப்டாப் மூடியை அறைந்து மூடினேன்.

மானிட்டர் வெள்ளையாகப் பளிச்சிட்டது.

மூடி திறந்திருந்தால் படம் உள்ளே இருக்கும் செத்த ஸ்கிரீனுக்குத்தான் போகும், மூடினால்தான் வெளியே வரும். தம்பி அப்புறம் விளக்கினான். அதையும் அவன்தான் அப்படி வைத்திருந்தானாம். எப்போதும் மூடியே கிடந்த மூடியை நான் திறந்ததுதான் வினை. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை பாடும் பட்டிருக்கிறோம்.

அப்போது அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பக்கம் நிறைய எழுத்து இருந்தது. நான் அடித்த கமாண்டுகள் ஓஐஅலுஐ என்றும் இறுட என்றும் பேயோட்டுகிறவன் மந்திரம் மாதிரி கிடந்தன. அவற்றுக்கு நடுவில் அப்பா பேசியிருந்தார். கண் தெரியாமல் தட்டியதில் ஏகப்பட்ட பிழை, நான் திருத்தித்தான் சொல்கிறேன்.

கேபிள அப்படிப் பிடிச்சு இழுக்காத, மெதுவா.

இவன் வண்டி கத்துக்கிட்டப்பவும் இப்படித்தான். ஸ்டார்ட் பண்ணாமயே கியர் போடுவான்.

ஓஐஅலுஐ --அறேட

அவ இன்னும் சாப்பிடல. அவகிட்ட யாராவது கேளுங்கடா.

கத்தாத. தலைவலி ஜாஸ்தியாகும்.

இறுட

மத்தியானம் முழுக்க எங்களோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவரை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

கண் கடைசிப் பத்திக்குப் போனது.

எனக்குப் போக இஷ்டமில்ல. அங்க என் எழுத்து யாருக்குத் தெரியும்? சும்மா கெடக்கணும். ஆனா இவளப் பாரு, உக்காந்தபடியே தூங்கறா. வரேன்னுதான் சொல்லப் போறேன். நல்ல வேளை, ஸ்கிரீன் எரியல.

அப்பாவுக்கு வெளிச்சம் தெரிந்துவிட்டது. தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் ஸ்கிரீனைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். விரல் அழிக்கிற பட்டனைத் தேடிப் பிடித்து அழுத்தியபடியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. எரியல போனது, தூங்கறா போனது, இஷ்டமில்ல போனது, என் மந்திரங்களும் போயின. கேபிள மட்டும் கொஞ்சம் நின்று, அதுவும் போனது. பக்கம் சுத்த வெள்ளை.

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

"அக்கா, இருக்கியா? வந்துச்சா?" தம்பி திரும்பி வந்துவிட்டான்.

"வந்துச்சு."

"சூப்பர்! எப்படி வந்துச்சு? சரி, அப்புறம் சொல்லு. அப்பா, சொல்லுங்கப்பா. வர்றீங்களா?"

அப்பா தயாராகத்தான் இருந்தார். நிதானமாகத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக விழுந்தது.

வரேன். எனக்கு இங்க போரடிக்குது.

எவ்வளவு சுலபம். வாசித்தால் போதும். அவர் சொன்னது, அவர் வார்த்தை, ஓர் எழுத்து மாற்றவில்லை. நாளைக்கே பெட்டி கட்டிவிடலாம். அடுத்த வாரம் இந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்தத் தூக்கம் எப்படி இருக்கும் என்றுகூட உடம்புக்குத் தெரிந்தது.

"அக்கா? என்ன போட்டிருக்காரு? வாசி."

வாயைத் திறந்தேன்.

"'வரல. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு'ன்னு போட்டிருக்காரு."

அப்பா மேஜையை ஓங்கித் தட்டினார். மாத்திரை டப்பா உருண்டு விழுந்தது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, டப்பா."

அப்பா வேகவேகமாகத் தட்டினார். பொய். நான் அப்படிச் சொல்லல. வரேன்னு சொல்லு. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"இன்னும் தட்டறாரே, சத்தம் கேக்குது. என்ன சொல்றாரு?"

ஸ்கிரீனைப் பார்த்தபடி வாசித்தேன். எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது. "'ஆனா இவ ஒருத்தியால முடியாது. இவளுக்குத் தூக்கமே இல்ல. நீ மாசத்துல பாதி நாள் இங்க வந்து என்னைப் பாத்துக்க. பெத்தது ரெண்டு பேரத்தானே.' அப்படின்னு போட்டிருக்காரு."

இதை நான் என் வாயால் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவே மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவின் குரலில் என்றால் வந்துவிட்டது.

அப்பாவின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுபோயின.

மாடிப்படியில் யாரோ இறங்கிப் போகும் சத்தம் போனில் கேட்டது.

"அப்பாவா அப்படிச் சொன்னாரு?"

"பின்ன யாரு?"

"அக்கா, நிஜமா?"

"இங்கதான் இருக்கு. பெரிய எழுத்துல."

அப்பாவின் கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. முதலில் பயந்துவிட்டேன். அப்புறம்தான் தோளைப் பார்த்தேன். சிரிக்கிறார். குரல்வளை போனபிறகு அவர் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, துணி மட்டும்தான் துடிக்கும். சிரித்துச் சிரித்து மங்கிப்போன கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் நான் சிரிக்கவில்லை.

"பாதி மாசமெல்லாம் கஷ்டம்க்கா," என்றான் தம்பி, குரல் இறங்கியிருந்தது. "வேலைய லேப்டாப்புலயே அங்கேருந்து பாத்துக்கலாம்தான். ஆனா, ஒரு வாரம் வேணா வரேனே. மாசம் ஒரு வாரம். அப்பாகிட்ட கேளு, ஒரு வாரம் போதுமான்னு."

"அவருக்கே கேட்டுச்சு. இரு, தட்டறாரு."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுங்குகிற விரலால் எழுத்தைத் தடவித் தடவித் தட்டினார். நான் காத்திருந்தேன். தட்டி முடித்ததும், வாசி என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"'பாதி மாசம். கொறைக்காத'," என்று வாசித்தேன். இதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.